பின்னால் ஹார்ன் கேட்காத பாதை

பஸ் இல்லை, லாரி இல்லை, ஸ்கூட்டர்கூட இல்லை. ஆனாலும் முதல் நாலைந்து கிலோமீட்டரில் பத்துத் தடவையாவது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்திருப்பேன். முன்னால் போய்க்கொண்டிருந்த மகள், "அம்மா, யாரும் வர மாட்டாங்க. நேராப் பாத்து ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மனசு கேட்டால்தானே? 61 வயதில், 28 வருஷம் கழித்துச் சைக்கிளில் ஏறியிருக்கிறேன். பின்னால் ஒன்றுமே வராத ரோடு என்று ஒன்று இருக்கும் என்பது உடனே புத்தியில் ஏறவில்லை.

இடம், பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி பகுதி. லியோனில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்கப் போயிருந்தேன். மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அரசு விடுமுறை வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் ஞாயிறு வரை நாலு நாள் கிடைக்கும். இப்படி நடுவில் வரும் நாளுக்கு லீவு போடுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பாலம் போடுவது' என்கிறார்கள். நம் ஊர் ஆபீஸ்களிலும் போடுகிறோம், பெயர்தான் வைக்கவில்லை. அந்தப் பாலத்தில் மகள், மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேரன், நான் என்று நாலு பேர், நாலு சைக்கிள். எனக்கு வந்தது பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்து உதவியது. உயரம் குறைவு, முன்னால் கூடை, கூடையில் எலுமிச்சை சாதம்.

லியோனிலிருந்து ஷாலோன் என்ற ஊருக்கு ரயிலில் போனோம். ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். உள்ளூர் ரயில்களில் சைக்கிளையும் கூடவே ஏற்றிக்கொள்ளலாம். அதற்கென்று மாட்டி வைக்கும் கொக்கிகள் இருக்கின்றன. ஆனால் இடம் கொஞ்சம்தான். விடுமுறை நாளில் எல்லோரும் அதே யோசனையோடுதான் வருவார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுச் சைக்கிள்கள் நின்றன, அதனால் காலை முதல் வண்டியைப் பிடித்தது நல்லதாயிற்று.

இந்தப் பாதைக்கு 'வுவா வேர்த்' என்று பெயர், பச்சைப் பாதை என்று அர்த்தம். ஷாலோனிலிருந்து மாக்கோன் வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஆரம்பத்தில் தெரியும் நீல நிறப் பலகையில் நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், குதிரையில் போகிறவர் ஆகியோரின் படங்கள் இருக்கும். எஞ்சின் வைத்த எதற்கும் அனுமதி இல்லை. 2004-லிருந்து இது பிரான்ஸின் சாலை விதிகளிலேயே சேர்ந்துவிட்டது. ஆகவே இது ஆளே இல்லாத பாதை என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு வழுக்கிப் போகும் பிள்ளைகள், நாயோடு வரும் தாத்தாக்கள் என்று ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். எதிரே வருகிற எல்லோரும் ஒரு 'போன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் கடக்கிறார்கள். முதல் நாள் சாயங்காலத்துக்குள் நான் அந்த ஒரு வார்த்தையை நூறு தடவை சொல்லியிருப்பேன்.

என் சைக்கிள் கதையைச் சொல்லாவிட்டால் நான் ஏன் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன் என்பது புரியாது. திருச்சியில், அண்ணனுடைய பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவள் நான். பள்ளிக்கூடம், காலேஜ், பிறகு ஆபீஸ், எல்லாம் சைக்கிளில்தான். 1996-ல் பாலக்கரைப் பக்கம் ஒரு டவுன் பஸ் என்னை ஓரமாக ஒதுக்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒதுங்கி, கடைசியில் சாக்கடைக்குள் விழுந்தேன். தாடையில் ஏழு தையல். அன்றோடு சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போனது. பிறகு ஒரு நாள் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் ஏறியது.

என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆறாம் வகுப்பில் மகள் சைக்கிள் கேட்டாள். "இந்த ரோட்டுலயா? வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஆட்டோதான். அவள் லியோனுக்கு வேலைக்கு வந்த பிறகு, 27 வயதில், பெரியவர்களுக்கென்றே இங்கே நடத்தும் சைக்கிள் வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டாளாம். போனில் சொன்னபோது "நல்லதும்மா" என்று மட்டும் சொல்லி, பேச்சை மாற்றினேன்.

ஷாலோனை விட்டு ஜிவ்ரியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். இடுப்பு உயரம்கூட இல்லாத கொடிகள், கம்பி கட்டி வரிசை வரிசையாக. பாதை தார் போட்டு வழவழப்பாக இருக்கிறது. ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பார்த்தால் ஒரே மேடும் பள்ளமும்! எப்படி என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அத்தை, நீங்க இப்ப ரயில் தண்டவாளத்து மேல போறீங்க" என்றார்.

உண்மைதான். ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை இது. ரயிலுக்குச் செங்குத்தாக ஏறத் தெரியாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண் கொட்டி, ஒரே சீராகப் பாதை போட்டார்கள். பிறகு காரும் லாரியும் பெருகின, ரயிலில் ஏற ஆள் குறைந்தது, வண்டியை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு புதர் மண்டிக் கிடந்த இடத்தில்தான் 1997-ல் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டருக்கு இந்தப் பாதையைத் திறந்தார்கள். பிரான்ஸில் பழைய ரயில் பாதையில் அமைந்த முதல் பச்சைப் பாதை இதுதான் என்று அந்தப் பகுதிக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். காரால் அழிந்த ரயிலின் இடத்தில் கார் நுழைய முடியாத பாதை வந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ரயில்வேயின் அடையாளம் வழியெல்லாம் இருக்கிறது. ஊர் ரோடு குறுக்கே வரும் இடங்களில் கேட் கீப்பர் குடியிருந்த சின்னஞ்சிறு வீடுகள். கேட் போய்விட்டது, வீடு இருக்கிறது, ஜன்னலில் லேஸ் திரை, வாசலில் ரோஜா. ஸ்டேஷன் கட்டடங்களில் சில வீடுகளாகிவிட்டன. ஓர் இடத்தில் நடைமேடை அப்படியே இருந்தது. ரயில் வராத அந்த நடைமேடையில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்தோம்.

இந்தக் குறுக்கு ரோடுகளில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே கார் வரும். சைக்கிள் வேகமாகப் பாய்ந்துவிடாதபடி தடுப்பு வைத்திருக்கிறார்கள். நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் ராத்திரி தங்கிய ஊர் பெயரை எழுத்தில் பார்த்து நான் 'பக்ஸி' என்றேன். 'புஸ்ஸி' என்று சொல்ல வேண்டுமாம். புதுச்சேரி புஸ்ஸி வீதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, எழுத்தே வேறு. பழைய கல் வீடுகள், ஒரு கோபுரம், நிறைய ஒயின். வீட்டுக்காரர்களே ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்துக் காலைச் சாப்பாடும் போடும் இடத்தில் தங்கினோம். ஓட்டலைவிட எனக்கு இதுதான் பிடித்திருந்தது. அந்த வீட்டு அம்மாள் என் வயதைக் கேட்டு, சைக்கிளைப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். வலித்த இடங்களைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

இரண்டாம் நாள்தான் அது நடந்தது. சேன் ஜாங்கூவுக்கு முன்னால், மரங்கள் இரண்டு பக்கமும் கூடாரம் போலக் கவிந்த இடம். பேரன் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஐம்பதடி, நூறடி, பிறகு வளைவில் திரும்பி ஆளையே காணோம். நான் மகளைப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. "டேய்! நில்லுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் படுத்திருந்த மாடு ஒன்று எழுந்து நின்றது.

"கத்தாதம்மா. அவன் கேட்டுக்கிட்டு வந்தா நின்னுடுவான். அங்கே வேற என்ன ஆகப்போகுது?" என்றாள் மகள்.

வளைவைத் தாண்டியபோது அடுத்த கேட் வீட்டருகே காலை ஊன்றி நின்று, பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "ஏன் அம்மாச்சி கூப்பிட்டீங்க?" என்று கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை ரோட்டில் தனியாகக் கண்ணுக்கு மறைவாய்ப் போகிறான், பெற்றவளுக்கு நெஞ்சு படபடக்கவில்லை. என் மகளுக்குத் தைரியம் அதிகம் என்று சொல்லலாம். எனக்குத் தோன்றியது வேறு. அவளுக்கு இங்கே அவ்வளவு தைரியம் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு நான் திரும்பிப் பார்ப்பது நின்றுபோனது. அப்போதுதான் மற்ற சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. சங்கிலியின் கிறுகிறு. கோதுமையில் காற்று. எங்கிருந்தோ "குக்கூ" என்று ஒரு பறவை, சுவர்க் கடிகாரத்தில் மட்டுமே நான் கேட்டிருந்த அதே இரண்டு ஸ்வரம். புல்வெளிகளில் ஷாரொலே இனத்து மாடுகள், வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றும் சின்ன யானைக்குட்டி மாதிரி. ஓரங்களில் சிவப்புப் பாப்பி பூக்கள். க்ரோன் ஆறு சில இடங்களில் பாதைக்குப் பக்கத்திலேயே வருகிறது. ஆறு என்று சொன்னதால் சொல்கிறேன், நம் ஊர் வாய்க்கால் அளவுதான்.

சேன் ஜாங்கூவின் முழுப்பெயரில் 'நேஷனல்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. மன்னராட்சிக் காலத்தில் அது 'ராயல்' என்று இருந்ததாம். ஆட்சி மாறினால் ஊர்ப்பெயர் மாறுவது அங்கேயும் உண்டு. அடுத்து கோர்மத்தேன், அங்கே 17-ம் நூற்றாண்டு மாளிகை ஒன்று, உள்ளே தங்கப் பூச்சு அறைகள். பேரனுக்கு மாளிகையைவிடத் தோட்டத்தில் செடியாலேயே அமைத்த சுற்றுவழிதான் பிடித்தது. அதற்கப்பால் குன்றின் மேல் தெய்ஸே என்ற சிறு கிராமம். 1940-ல் தொடங்கிய துறவியர் சமூகம் ஒன்று அங்கே இருக்கிறது. உலகமெங்கும் இருந்து இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். நாங்கள் கீழே போகும்போது மணி அடித்தது. அந்தக் குன்றில் ஏற என் முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை.

சாப்பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். பகல் 12 மணிக்குக் கடைகளைப் பூட்டினால் இரண்டு, இரண்டரைக்குத்தான் திறக்கிறார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகும், பல ஊர்களில் திங்கட்கிழமையும் ஒன்றும் கிடைக்காது. காலையிலேயே ரொட்டி வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சைவக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகளில் கஷ்டம், முட்டைப் பணியாரத்தில்கூடப் பன்றிக்கறித் துண்டைத் தூவிவிடுகிறார்கள். ஆனால் ரொட்டி, தக்காளி, இந்தப் பகுதியின் ஆட்டுப்பால் சீஸ், நான் கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய், இவை நான்கும் சேர்ந்தால் ஒரு குறையும் இல்லை. தண்ணீருக்கு மாப்பிள்ளை ஒரு வழி சொன்னார்: ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிக்கு ஊற்ற எப்போதும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கக்கூடாது என்று பலகை இல்லையென்றால் பிடித்துக்கொள்ளலாம். கல்லறைத் தண்ணீரா என்று எனக்கு முதலில் கூசியது. மூன்றாம் நாள் வெயிலில் அந்தக் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

க்ளூனியில் ஒரு பெரிய மடாலயம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 910-ல் தொடங்கியது. 187 மீட்டர் நீளமுள்ள அதன் தேவாலயம், ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டப்படும் வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்று, வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். இன்று நிற்பது ஒரு கையும் ஒரு கோபுரமும்தான். அந்தக் கை மட்டுமே அண்ணாந்து பார்க்க வைக்கிறது. தஞ்சாவூர்க் கோயிலை யாரோ கல்லுக்காக இடித்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், உடனே அந்த நினைப்பை விரட்டினேன்.

அன்று சாயங்காலம் மடாலயத்துக்கு வெளியே பெஞ்சில் நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அவள் சொன்னாள், "நான் எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் கிரவுண்டுல விழுந்து முட்டி பேத்துக்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்காம்மா?"

இருந்தது. கோ-கோ விளையாடி விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

"கோ-கோ இல்ல. பக்கத்து பெஞ்சுப் பொண்ணோட சைக்கிள்ல ஏறிப் பார்த்தேன். மூணு நாள் ஏறினேன். மூணாவது நாள் விழுந்தேன்."

"சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா ஆட்டோவையும் நிறுத்திட்டு நீயே கூட வந்திருப்பே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்கிக் குடுத்திருக்கணும்" என்றேன். அவள் அதற்கு, "அந்த ரோட்டுலயா?" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

நாலாவது நாள் காலை, சுரங்கம். க்ளூனிக்குத் தெற்கே புவா க்ளேர் மலைக்கு அடியில் ரயிலுக்காகக் குடைந்தது, 1.6 கிலோமீட்டர் நீளம். வெளியே வெயில் அடிக்கும்போதும் உள்ளே ஸ்வெட்டர் வேண்டும். விளக்குப் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் சைக்கிள் விளக்கையும் ஏற்றிக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் இந்தச் சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். உள்ளே வௌவால்கள் தூங்கும் காலம் அது, எழுப்பக்கூடாதாம். அந்த மாதங்களில் மனிதர்கள்தான் மலை மேல் ஏறிச் சுற்றிப் போக வேண்டும். பேரன் நடுச் சுரங்கத்தில் தன் பெயரைச் சொல்லிக் கத்தினான். எதிரொலி கேட்டதும் நானும் என் பெயரைச் சொல்லிக் கத்தினேன். முன்னால் போன ஒரு கிழவர் திரும்பிப் பார்த்து அவரும் ஏதோ கத்தினார்.

மறுபுறம் வெளியே வந்ததும் மறுபடி திராட்சைத் தோட்டங்கள், மேட்டில் பெர்ஸே கோட்டை. இதே மலைப்பக்கம்தான் 1981-ல் ஓட ஆரம்பித்த டி.ஜி.வி. அதிவேக ரயிலின் பாதையும் போகிறது. பாரிஸிலிருந்து லியோனுக்கு இரண்டே மணி நேரம். எங்களுக்கு 70 கிலோமீட்டருக்கு நாலு நாள். தனியாக வந்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை முதல் நாள் சொன்னார், பிறகு சொல்லவில்லை.

இப்படிப்பட்ட பாதைகள் பிரான்ஸில் நிறைய இருக்கின்றன. லுவார் ஆற்றோரமாக ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு ஒன்று போகிறது, அதில் பாதி வழியும் அரண்மனைகள். ஜெனீவா ஏரியிலிருந்து ரோன் ஆற்றோடு மத்தியதரைக் கடல் வரை இன்னொன்று, அது மகள் வீட்டுக்குப் பக்கத்தில் லியோன் வழியாகவே போகிறது. அவற்றில் சில இடங்களில் கார்கள் போகும் சின்ன ரோடும் கலந்து வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். துலூஸிலிருந்து கடல் வரை 240 கிலோமீட்டர் ஓடும் மிதி கால்வாயை 17-ம் நூற்றாண்டில் வெட்டினார்கள். குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரைதான் இப்போது சைக்கிள் பாதை. புகைப்படங்களில் பார்த்து ஆசைப்பட்டு அங்கே போக நினைப்பவர்களுக்கு ஒன்று: கரையோரப் பிளேன் மரங்களை 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோய் கொன்றுகொண்டு வருகிறது, வெட்டிவிட்டுப் புதுக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். பல இடங்களில் நிழல் இல்லை, மரங்கள் இருக்கும் இடங்களில் வேர்கள் தூக்கித் தூக்கிப் போடும். முதன்முறை போகிறவர்களுக்கு, அதிலும் வயதானவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு, நான் பர்கண்டியைத்தான் சொல்வேன். மே, ஜூன், இல்லாவிட்டால் செப்டம்பர்.

ஷார்னே என்ற இடத்தில் பச்சைப் பாதை முடிகிறது. அங்கிருந்து மாக்கோன் ரயில் நிலையத்துக்கு ஊருக்குள் கொஞ்ச தூரம் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளியூர் போன கார்களெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன. நம் ஊர்க் கணக்கில் அது ஒரு கூட்டமே இல்லை. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை, எல்லோரும் தள்ளித்தான் போனார்கள். ஆனால் முதல் கார் என்னைக் கடந்த உடனே ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த விரல்கள் விறைத்துவிட்டன. பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டேன்.

மாப்பிள்ளையும் பேரனும் முன்னால் போய்விட்டார்கள். மகள் மட்டும் நின்று திரும்பி வந்தாள். "இன்னும் கொஞ்சம்தான் இருக்கும்மா. நான் பின்னாடியே வர்றேன், ஓட்டிடுவே" என்றாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தன் சைக்கிளிலிருந்து இறங்கி, என்னை நடைபாதைப் பக்கம் விட்டு, தான் ரோட்டுப் பக்கமாக வந்தாள். இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தோம். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.